ராகலையில் கருகல் எச்சரிக்கை வந்த அன்று

ஐப்பசிக் கடைசியில் நான்கு நாள் லீவு கிடைத்ததும் ராகலைக்குக் கிளம்பினேன். ராணிதான் காரணம். கொழும்புத் தையல் ஆலையில் பக்கத்து மெஷினில் இருந்தவள். இப்போது ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உருளைக்கிழங்கும் போடுகிறாள். "கருகல் நோய் வரப்போகுதுன்னு போனே சொல்லிருதுக்கா" என்று மாதக்கணக்கில் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஹட்டன்காரி. மலையில் மழையைக் கணித்துச் சொல்லி நல்ல பேர் வாங்கியவன் எவனையும் நான் பார்த்ததில்லை.

ஹட்டனில் காலை ஆறரை பஸ். நுவரெலியாவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்கு இன்னும் ஒரு மணி நேரம். வயிறு புரட்டும் ஆட்கள் முன் சீட்டில் உட்காருங்கள். வளைவுகளுக்குக் கருணை கிடையாது. ராகலை கடைத்தெருவிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ ஐந்நூறு ரூபாய். பாதி ஏற்றத்தில் டிரைவர் கேட்டார்: "சாவு வீட்டுக்குங்களா?" அப்போதுதான் எனக்குத் தெரியும்.

இறந்தவர் மாணிக்கம் அண்ணன், லயத்தில் ராணிக்கு அடுத்த காம்பிராவில் குடியிருந்தவர். இரண்டு மாதமாகப் படுக்கை, விடியலில் போய்விட்டார். அதே காலையில் ராணியின் போனுக்குச் செய்தியும் வந்திருந்தது: நாளை முதல் தொடர்ந்து ஈரம், கருகல் பரவும், மழைக்கு முன் மருந்து அடிக்கவும். கிழங்கு தோண்ட இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த போகத்துக்கு விதையும் அதிலிருந்துதான் வர வேண்டும். அது போனால் அவளுக்கு நட ஒன்றுமில்லை.

வானம் வெளுத்து, மருந்தடிக்க ஏற்றபடி காற்றும் அடங்கியிருந்தது. "போய் அடிச்சிட்டு வாடி, யார் பாக்கப் போறா?" என்றேன்.

"லயத்துல பொணம் கெடக்கையில குழி வெட்டுறதுக்கு மட்டுந்தாங்க்கா மண்ணுக்குப் போவாங்க. நாளைக்கு நான் செத்தாலும் இவங்கதான் தூக்கணும்." அதோடு பேச்சு முடிந்தது. எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

மறுநாள் மத்தியானம் அடக்கம். இடுகாட்டிலிருந்து திரும்பும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் காலை மழை கொஞ்சம் விட்டதும் லயமே மருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. நானும் தண்ணீர் சுமந்தேன். ராணியின் செடிகள் பச்சையாகத்தான் நின்றன. ஆனால் அதை ஒட்டியிருந்த மாணிக்கம் அண்ணனின் பாத்திகளில் இலை ஓரமெல்லாம் கறுத்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் படுத்ததிலிருந்து அந்தச் செடிக்கு யாரும் உரமும் வைக்கவில்லை, மருந்தும் அடிக்கவில்லை.

அடுத்த செய்தியும் வந்தது. புள்ளி கண்ட பாத்தியில் தண்டை வெட்டி அப்புறப்படுத்தவும். வெட்டாவிட்டால் காற்று அதை ராணியின் பாத்திக்குக் கொண்டுவரும், பிறகு வரிசையாக எல்லோருக்கும். ஆனால் புருஷனைப் புதைத்த மறுநாள், அவர் கடைசியாக நட்டதை வெட்டுங்கள் என்று லெச்சுமி அக்காவிடம் யார் போய்ச் சொல்வது? ஆம்பிளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ராணி போனாள், நானும் கூடப் போனேன்.

லெச்சுமி அக்கா வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராணி "அக்கா" என்றாள். என்னைப் பார்த்தாள்.

லெச்சுமி அக்கா மடியிலிருந்து ஒரு பழைய போனை எடுத்தார். "அவரு போனுக்கும் வந்துச்சு ராணி. வெட்டச் சொல்லி இன்னைக்கும் வந்துச்சு. தங்கச்சி மக படிச்சுக் காட்டிச்சு." எழுந்து கூரை இடுக்கிலிருந்து கத்தியை உருவினார். "நீங்க யாரும் வேணாம். அவரு வச்சது, நானே வெட்டுறேன்."

தனியாக விட யாருக்கும் மனம் வரவில்லை. அவர் குனிந்து வெட்ட வெட்ட, பின்னாலேயே நாங்கள் தண்டுகளைச் சாக்கில் அள்ளினோம். நடுவில் ஒருமுறை நின்று ஒரு செடியின் அடியைக் கையால் கிளறிப் பார்த்தார். கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்கு. மண்ணை மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போனார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் குடையை நம்பாதீர்கள், மழைக்கோட்டு வேண்டும். ராகலையிலிருந்து திரும்ப சாயங்காலம் ஐந்துக்குள் பஸ் பிடித்துவிடுங்கள். வேறு தோட்டத்தில் மிதித்த சப்பாத்தோடு பாத்திக்குள் இறங்காதீர்கள். நோய் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டால், மழையையும் நோயையும் சரியாகத்தான் சொன்னது. எங்கள் சாவு அதற்குத் தெரியாது, அதைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

ஒரு மாதம் கழித்து ராணி போனில் சொன்னாள்: விதைக்குப் போதுமான கிழங்கு தேறிவிட்டது. போனுக்கு அந்த எச்சரிக்கைகளை அனுப்பும் ஆபீஸ் பையன் லயத்துக்கு வந்து, மாணிக்கம் அண்ணனின் நம்பரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டானாம். "நம்பரு இருக்கட்டும் தம்பி," என்றாராம் லெச்சுமி அக்கா. "பேரை மட்டும் மாத்துங்க. அடுத்த போகம் நாந்தான் நடுறேன்."