சாட்சிக்கு வந்த வௌவால்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். என் ஓரகத்தியின் மனசு நோகுமே என்ற தயக்கத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. போன ஆடியில் அவரே, "எழுதேம்மா, நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும்" என்றார். அம்மனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரே வாசலில் இரண்டு வீடு கட்டியவர்கள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில், ஃபேன் மாட்ட விட்ட கம்பிக் கொக்கி ஒன்று வெறுமனே இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் விடியற்காலையில் அங்கே ஏதாவது கிடக்க ஆரம்பித்தது. வெட்டுக்கிளியின் இறக்கை, கால். ஒருநாள் தவளையின் பின்னங்கால். இன்னொரு நாள் எலிவால், பக்கத்தில் சொட்டு ரத்தம். அதுவும் வாசற்படிக்கு நேராக. அக்காவின் மகளுக்கு வரன் வந்து வந்து தட்டிப்போன சமயம். அக்கா மலையடிவாரத்தில் போய்க் குறி கேட்டார். செய்வினைதான், வெளியாள் இல்லை, வாசலில் புழங்குகிற கை என்று சொல்லிவிட்டார்களாம். விடியுமுன் அந்த வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போடுகிறவள் நான் ஒருத்திதான்.

அக்கா என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார். குழாயடியில் பேச்சு வளர்ந்தது. தவளைக்கால் கோழித்தலை ஆயிற்று, கோழித்தலை மண்டை ஓடு ஆயிற்று. "நீ பாத்தியா?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "நான் எங்க பாத்தேன், பாத்தவங்க சொல்லிக்கினு இருந்தாங்க" என்றாள்.

கடைசியில் அக்கா நேராகவே கேட்டுவிட்டார்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா. சூடம் அடிச்சி சத்தியம் பண்ணு. செய்வினை நீ வெக்கலன்னு ஆயிட்டா உன் கால்ல வுழறேன்."

"கால்ல எல்லாம் எதுக்குக்கா. வரேன்."

வருகிறேன் என்றேனே தவிர, போக விருப்பமில்லை. என் மனசில் பொய் இல்லை. ஆனால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்த பிறகு, உறவுக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தாயே, என்னை அப்படி உன் முன்னால் நிறுத்திவிடாதே என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அக்கா தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்பத் தாழ்வாரத்துக்கு வந்தார். நான் வாசலில் நின்றேன். கரண்டு போயிற்று. வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். தரையை ஒட்டிச் சத்தமே இல்லாமல் ஒரு வௌவால் பறந்து வந்து, கொக்கியில் தலைகீழாகத் தொங்கியது. சாம்பல் நிறம், முகத்தைவிடப் பெரிய காது, விரித்தால் ஒரு முழம் வரும் இறக்கை. வாயில் ஒரு வெட்டுக்கிளி. நறுக் நறுக்கென்று மென்றது. வெட்டுக்கிளியின் இறக்கை சுழன்று சுழன்று வந்து அக்காவின் தட்டில் விழுந்தது. பின்னாலேயே ஒரு கால்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "தே பாரு, உன் செய்வினைக்காரன் வந்துட்டான். தொங்கிக்கினு துன்றான். போ, அவன்கிட்ட சத்தியம் வாங்கு."

"சும்மா இருங்க" என்றார் அக்கா. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பேச்சு பேசிட்டேம்மா உன்ன."

அக்காவின் வீட்டுக்காரர் விளக்குமாற்றை எடுத்து வௌவாலை விரட்டப் போனார். நான் தடுத்தேன். "வேணாம் மாமா. எனக்காக வந்து சாட்சி சொல்லியிருக்குது."

அதன் பிறகு அதைப் பலகாலம் கவனித்தேன். பகலெல்லாம் கொல்லைக்கு அப்பால் பாழுங்கிணற்றின் உள்சுவரில் கூட்டமாகத் தொங்கும். பிடித்த இடத்தில் தின்னாது. பழகிய இடத்துக்குக் கொண்டுவந்து, வேண்டாததைக் கழித்துப் போட்டுத் தின்னும். கரப்பான், வண்டு, விட்டில் எல்லாம் அதற்கு ஆகும். மழை விழுந்தால் தவளையும், சில நாள் எலியும் உண்டு. கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்த அக்காவின் மகள் சொன்னாள்: "பூச்சி துன்ற வவ்வால்லயே இது பெரிய சாதி சித்தி. காத பாரு. சருகுல பூச்சி நடக்கற சத்தத்த வெச்சே புடிச்சிடும்."

சித்திரையில் அது வயிற்றோடு ஒரு குட்டியை ஒட்டவைத்துக்கொண்டு வந்தது. ஒரே குட்டிதான். அக்கா அண்ணாந்து பார்த்தார். "பாவம், கைப்புள்ளைய தூக்கிக்கினு வேலைக்கு வருது." அந்தக் கொக்கியில் இன்றுவரை ஃபேன் மாட்டவிடவில்லை. எங்கள் மக்காச்சோளக் காட்டில் அது தின்கிற பூச்சிகளுக்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொள்கிறேன். மகளுக்கு வரன் அமைய அப்புறமும் நாளாயிற்று. அதற்கும் வௌவாலுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது கல்வராயன் மலைப்பக்கத்து உறவில், அம்மனே வௌவாலாக வந்தாள், கற்பூரம் தானாகப் பற்றிக்கொண்டது என்று சொல்கிறார்களாம். கற்பூரம் பற்றவில்லை. வந்தது வௌவால், பசிக்கு வந்தது. அந்த நேரத்துக்கு அதை அனுப்பியவள் தாய் என்பது என் நம்பிக்கை. அவளைக் கும்பிடுகிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். ஒரு சொல் கூடினாலும், எந்த ஊரிலோ இன்னொருத்தி சத்தியம் செய்யக் கோயிலில் போய் நிற்க வேண்டிவரும்.