மாட்டுப் பாலும் மரத்துப் பாலும்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் நாலு வார்த்தை எழுதும்படி அக்காவின் பெண்கள் இருவரும் கேட்டுக்கொண்டார்கள். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பேச்சும் குறைவு. தெரிந்ததை எழுதுகிறேன். உறவினரும் நண்பர்களும் பிழை பொறுக்கவும்.

அக்கா மலாக்காவில் ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தார். அப்பா சேலத்துப் பக்கமிருந்து கப்பலில் வந்தவர். என்னைப் பெற்ற மூன்றாம் மாதம் அம்மா தவறிவிட்டார். அப்போது அக்காவுக்கு ஒன்பது வயது. இடுப்பில் வைத்து என்னை வளர்த்தது அவர்தான். பெம்பான் பக்கம் கல்யாணம் பேசி வந்தபோது, "தம்பியும் கூட வருவான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மச்சான் சரி என்றார். நல்ல மனிதர். சப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

சப்பான் சண்டை முடிந்ததும் அக்கா காதில் கிடந்த தோட்டை விற்று ஒரு கிடாரிக் கன்று வாங்கினார். செவலைக் கன்று. அது வளர்ந்து ஈன்றதும், காலையில் பால் விற்பார், பிறகு தோட்டத்தில் புல்வெட்டு வேலைக்குப் போவார். புல்வெட்டுச் சம்பளம் சோற்றுக்குச் சரி. பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனது அந்த மாட்டால்தான்.

அக்கா குறையே சொல்லாதவர் என்று எழுதினால் பொய். சொல்வார். கூரை ஒழுகினால் மழையைத் திட்டுவார். திட்டிக்கொண்டே அண்டாவை எடுத்து ஒழுகுற இடத்தில் வைப்பார். அண்டா நிறைந்ததும், "பைப்படிக்கு நடக்கிறது மிச்சம்" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு கிடையாது.

எமர்ஜென்சி வந்தது. காட்டில் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வந்த சட்டம் அது. சிதறிக் கிடந்த லயத்து வீடுகளை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே கேட். சாப்பாட்டுச் சாமான் எதுவும் அதைத் தாண்டக் கூடாது. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடுமாம். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். அப்படி வெட்டப் போகும் நாங்கள் ஒரு பிடி சோறு கொண்டு போக முடியாது. வெறும் வயிற்றோடு வெட்டினோம்.

எங்கள் தோட்டத்தில் மாட்டுக்கும் சட்டம் வந்தது. டவுனில் பால் வாடிக்கை இருக்கிறதென்று கடைக்காரரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் மாடு கம்பிக்குள் இருக்கலாம். பால் வெளியே கொண்டு போக ஆபீசில் பாஸ் தருவார்கள். வாடிக்கை இல்லாத மாட்டை விற்றுவிட வேண்டும். பெம்பான் டீக்கடை அண்ணன் கடிதம் கொடுத்தார். அக்கா அதைக் கொண்டுபோய் ஆபீசில் வைத்து, "பால் கொண்டு போகணும் ஐயா" என்றார்.

ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி மலாக்கா டவுனிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தோட்டத்தில் பால் என்றால் மரத்துப் பால். பால் வெட்டு, பால் வாளி, பால் ஸ்டோர். நாள் முழுக்க அதுதான் அவர் காதில் விழுந்தது. பாஸில் இங்கிலீஷில் லேட்டக்ஸ் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. கேட்டில் நிற்கும் போலீஸ்கார மாத்தாவுக்கு அக்காவைத் தெரியும், அவர் முத்திரையை மட்டும் பார்ப்பார். இரண்டு மாதம் ஓடியது.

ஒருநாள் காலை என் பங்கு மரங்களில் பாதியை வெட்டியிருந்தேன். கங்காணி ஓடி வந்தார்.

"டேய், ஒங்கக்காவ பெம்பான் ரோட்டுல புடிச்சி வச்சிருக்காங்களாம். ஆபீசுக்குப் போன் வந்திருக்கு. போ."

உளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சாப்பாடு கடத்தினால் ஜெயில் என்று அப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பன் இல்லாத இரண்டு பெண்கள். சின்னக் கிராணியைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன்.

அன்றைக்கு ரோட்டில் புதிதாகச் செக்கிங் போட்டிருந்தார்கள். பாஸைப் படிக்கத் தெரிந்தவர்கள். மரத்துப் பாலுக்குப் பாஸ் இருக்கிறது, கேனில் மாட்டுப் பால் இருக்கிறது. மாட்டுப் பால் சாப்பாட்டுச் சாமான். அதற்கு எங்கே பாஸ்? கேள்வி அதுதான்.

அக்கா அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். ரோட்டோரம் மூன்று கல் வைத்து அடுப்பு எரிந்தது. மாத்தாக்களின் பெரிய பானையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அக்கா மட்டையால் கிளறிக்கொண்டிருந்தார். செக்கிங்கில் நிறுத்திய பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து தகரக் குவளையில் குடித்தார்கள். பஸ் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மீசை மாதிரி ஆடை ஒட்டியிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"வெயில் ஏறுது. இன்னும் ஒரு மணி நேரம் போனா திரிஞ்சிடும். கொட்டுறதுக்கு இதுங்க குடிக்கட்டும். நீ குடிச்சியா?"

மலாய் சார்ஜன் குவளையை நீட்டி, "காக்கா, லாகி சிக்கிட்" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். காக்கா என்றால் மலாயில் அக்கா.

"பாத்தியாடா, ஊத்திக் கொடுக்கிறவள காக்காங்கிறான். நான் என்ன அவ்வளவு கறுப்பா?" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார்ஜனுக்கு ஊற்றிவிட்டு அக்கா சிரித்தார்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். சின்னக் கிராணிதான் இரு பக்கமும் பேச்சு மாற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இருபது வயது இருக்கும்.

"அக்கா, நான் மரத்துப் பாலுன்னு நெனச்சிட்டேன். வேல போயிடும்க்கா" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"பதறாதீங்க தம்பி. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"அம்மாவும் தங்கச்சியும்."

அக்கா அடுப்பை அணைத்தார். "மாடுன்னு நான் வாயத் தொறந்து சொல்லல, தப்பு என்னோடதுன்னு தொரகிட்ட சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க."

கிராணி இங்கிலீஷில் பேசினார். எனக்கு அது தெரியாது. இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்க்கவில்லை, கிராணியைத்தான் வெகுநேரம் பார்த்தார். சார்ஜனும் ஏதோ சொன்னார். கடைசியில் பாஸை வாங்கிக்கொண்டு அக்காவை விட்டுவிட்டார்கள். கிராணிக்கு வேலை போகவில்லை, ஆனால் மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அக்கா சொன்னதை அவர் சொல்லவில்லை. தன் தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

புதுப் பாஸ் வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை ஒரு சொட்டுப் பால் கேட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள். மாட்டுக்கு இது தெரியுமா? வேளைக்குக் கறந்தாக வேண்டும். முதல் நாள் அக்கா தயிராக்கினார். மறுநாள் லயத்தில் அக்கம் பக்கம் கொடுத்தார். மூன்றாம் நாள் ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார். அம்மாக்கள் மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அரிசி ரேசன் குறைந்து, ஆயா பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணியும் பாலும் சீனியும் இல்லாத வரத்தேயிலையும் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே பதினெட்டுப் பிள்ளைகள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் பால் போனது.

நாலாம் நாள் டீக்கடை அண்ணன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அக்கா.

"தங்கச்சி, கோவிச்சிக்காத. கட நிக்காதில்ல. டின் பாலுக்கு மாறிட்டேன். சனமும் அதுக்குப் பழகிருச்சி."

"கோவம் என்னண்ணே. இத்தன நாளு வாங்குனீங்களே" என்றார் அக்கா.

அவர் தலை மறைந்த பிறகு மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. வாடிக்கை போனால் மாடும் போக வேண்டும். மாடு போனால் பெண்களின் படிப்பும் போகும். புதுப் பாஸ் வந்தது, கொண்டு போகத்தான் இடமில்லை. மாட்டுத் தரகர் வந்து செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஓட்டிக்கொள்வதாகப் பேச்சு.

அந்தத் திங்கட்கிழமை காலைப் பெரட்டில் தோட்டத்துத் தொரை ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாரியாயி என்று ஒரு பெண். பால் வெட்டுக்காரி, வாய்க்காரி. கைப்பிள்ளையை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு, மரம் வெட்டும் உளியோடு வந்து நின்றாள். பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோர் இடுப்பிலும் பிள்ளை.

கங்காணி, "என்னா இது கூத்து? ஆயாகிட்ட வுட்டுட்டு வாங்க லா" என்று கத்தினார்.

"கூத்துதான். அந்த மாட்ட ஓட்டிட்டுப் போறீங்கல்ல, அப்ப பிள்ளைங்க எங்ககூடத்தான் மரத்துக்கு வரும். தொரகிட்ட சொல்லு. அந்தப் பாலு குடிச்சி பத்து நாளா என் பிள்ள அழாம தூங்குது."

கங்காணி மலாயும் தமிழும் கலந்து தொரையிடம் சொன்னார். பிள்ளையோடு வெட்டினால் எத்தனை மரம் முடியும் என்று தொரைக்கு நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலம் ஆபீசில் தாள் ஒட்டினார்கள். மாடு இருக்கலாம். ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வேண்டும், தோட்டம் பணம் கொடுக்கும். சின்னக் கிராணிதான் அதைப் படித்துச் சொன்னார்.

அக்கா மாரியாயி வீட்டுக்குப் போய், "நல்லா இரு" என்றார்.

கம்பியைப் பிடுங்கும்வரைக்கும், அதற்குப் பிறகும், அக்கா கொட்டகைக்குப் பால் ஊற்றினார். செவலைக்குப் பின் அதன் மகள், மகளின் மகள். பெரியவள் டீச்சர் ஆனாள், சின்னவள் நர்ஸ் ஆனாள். இடையில் கஷ்டம் இல்லாமலில்லை. இரண்டு மாடு வெக்கை நோயில் செத்தது. அக்காவுக்கு ஒரு கண் மங்கியது. "இன்னொண்ணு இருக்கே, போதும்" என்பார்.

கடைசி இரண்டு வருடம் தங்கா பத்துவில் சின்னவள் வீட்டில் இருந்தார். மூச்சிரைப்பு. படுத்தது பதினோரு நாள். யாரையும் சிரமப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய அடுத்த வீட்டுத் தம்பிக்கும், தினமும் கஞ்சி கொண்டு வந்த எதிர்வீட்டு மலாய் அம்மாவுக்கும், காரியத்துக்குப் பந்தல் போட்ட தோட்டத்து ஆட்களுக்கும், நடக்க முடியாத நிலையிலும் வந்து தலைமாட்டில் நின்று செபம் சொன்ன கிராணி ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

தூக்கும் நேரம் வந்தது. அக்காவுக்கு ஆண் பிள்ளை இல்லை, எனக்கோ தோள் ஒத்துழைக்காது. யாரைக் கூப்பிடுவது என்று பார்த்தேன். ஜாசினிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் வந்த ஏழெட்டு ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்கள். பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டேன்.

"கொட்டகைப் பிள்ளைங்க மாமா" என்றார்கள்.

அவர்களுக்கு இங்கே நன்றி எழுதவில்லை. பெற்ற தாயைத் தூக்கியதற்குப் பிள்ளைகளிடம் யாரும் நன்றி சொல்வதில்லை.