மூணும் தர்ப்பைதான்

1. மொட்டை

"மேடம், உங்க புதரையெல்லாம் கிளீன் பண்ணியாச்சு. இப்பத்தான் பார்க்க காலேஜ் மாதிரி இருக்கு."

பிரின்சிபால் போனில் இதைச் சொன்னபோது நான் பஸ்ஸில் இருந்தேன். புதர் என்று அவர் சொன்னது என் புல் தோட்டத்தை. மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது. எங்கள் தாவரவியல் துறைக்கு எம்.எஸ்சி. வகுப்பு கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட எங்களிடம் உருப்படியாக இருந்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான். லேபில் மைக்ராஸ்கோப்புகள் பாதிக்குக் கண் தெரியாது.

நான் டெல்டாவில் ஒரு அரசுக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தானாக முளைக்கும் நாட்டுப் புல் வகைகளைப் பிரித்து அறிவது என் பாடம். சொந்தக்காரர்கள் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு, "புல்லு புடுங்குறா" என்பார். பொய் என்று சொல்ல முடியாது. வாய்க்கால் கரை, வரப்பு, ரயில்பாதை ஓரம் என்று அலைந்து வேரோடு பிடுங்கி வந்து, பதினைந்து வகையை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்திருந்தேன்.

நடுவதற்கு மூன்றாம் ஆண்டு மாணவி வாசுகிதான் எனக்குத் துணை. முத்துப்பேட்டைப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவாள். தினமும் ஒரே கேள்விதான். "மேடம், எம்.எஸ்சி. வந்துரும்ல? வரலைன்னா எங்கப்பா திருச்சிக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க. ஐஸ் கம்பெனி வேலைக்குத்தான் போவணும்."

நான் போய்ச் சேர்ந்தபோது வாசுகி தோட்டத்து ஓரத்தில் அழாத குறையாக நின்றாள். தரை மொட்டை. துப்புரவுப் பெண்களுக்குத் தலைவியான அஞ்சம்மாள் மட்டும் மலர்ந்த முகத்தோடு வந்தாள்.

"டீச்சரம்மா, பலகையெல்லாம் கழுவி அடுக்கி வச்சிருக்கோம். ஒண்ணு கூட ஒடையல."

பதினைந்து பலகையும் பளபளவென்று இருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்ட வாயைத் திறக்கும்போதுதான் மேற்கு ஓரத்தில் மூன்று புதர் ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்தேன்.

"அத மட்டும் ஏன் அறுக்கல?"

"அது தர்ப்பைங்க. சாமி காரியத்துக்கு ஆவுற புல்லு. பிரின்சிபாலே வந்து நின்னாலும் அருவா வைக்க மாட்டேன்னுட்டேன்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா?

"அஞ்சம்மா, இதுல ஒண்ணுதான் தர்ப்பை. நடுவுல நிக்கிறது இம்பெரேட்டான்னு வேற புல்லு. கடைசியில இருக்கறது நாணல். கரும்புக்குப் பங்காளி."

"நல்ல வேள, முன்னாடியே சொல்லாம வுட்டீங்க. அந்த ரெண்டையும் சேர்த்து அறுத்திருப்பேன்" என்றாள். "பெரட்டாவோ கிரட்டாவோ, எனக்கு மூணும் தர்ப்பைதான்."

அந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. பன்னிரண்டு பலகையைத் தூக்கி உள்ளே வைத்தேன். மூன்று புதருக்கும் முன்னால் ஒரே அட்டை: 'இதில் எது தர்ப்பை?'

பிரின்சிபால் பதறினார். "ரிப்போர்ட்ல பதினஞ்சுன்னு போட்டிருக்கோமே மேடம்!"

"மீதி பன்னிரண்டும் இருக்கு சார். வேரா இருக்கு."

2. செல்லுமா?

குழுத் தலைவர் வேதியியல்காரர், வெளியூர். அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் விளக்கினேன். தர்ப்பை இலையின் ஓரத்தை நுனியிலிருந்து கீழ்நோக்கி வருடினால் விரலை அறுத்துவிடும். இம்பெரேட்டா அந்த அளவுக்கு அறுக்காது. அதில் வெள்ளையாக ஒரு நடுநரம்பு ஓடும். பெயர்தான் நடுநரம்பு, நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பூத்தால் வெள்ளைப் பஞ்சு. நாணலுக்குக் கரும்பு மாதிரி கணு உண்டு.

தலைவர் சட்டென்று போனை எடுத்தார். "நேத்துதான் திருக்கடையூர்ல எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். அங்க எனக்குப் போட்ட பவித்திரம் இது. இதுல எது, சொல்லுங்க."

படத்தில் அவருடைய மோதிர விரல், அதில் புல்லால் முடிந்த வளையம். முடிச்சுக்கு வெளியே இலை நீட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை நரம்பு, ஒரு பக்கம் ஒதுங்கி, அழகாக.

பல ஊர்களில் அதற்கும் தர்ப்பை என்றுதான் பெயர். 'தர்ப்பைதான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எம்.எஸ்சி. கைக்கு வந்துவிடும். பிரின்சிபால் எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் பின்னால் நின்றது வாசுகி. இதே இரண்டு புல்லையும் மாற்றி எழுதியதற்குப் போன வாரம்தான் அவளுக்கு மார்க் குறைத்திருந்தேன்.

"நடுவுல இருக்கற புல் சார். இம்பெரேட்டா."

"அப்போ எங்க கல்யாணம் செல்லாதா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ, சொல்லிவிட்டேன். "பேர் சொல்றதுதான் சார் எங்க டிபார்ட்மெண்ட். கல்யாணம் செல்லுமாங்கறது உங்க வீட்டம்மா டிபார்ட்மெண்ட்."

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். துடைப்பத்தோடு ஓரமாக நின்ற அஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "கவலப்படாதீங்கய்யா, மூணும் தர்ப்பைதான்!"

தலைவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. "என் வீட்டம்மா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. திரும்பவும் மாலையோட உட்கார வச்சிருவா" என்றார்.

எம்.எஸ்சி. கிடைத்தது. மொட்டைத் தரையில் பன்னிரண்டு புல்லும் தாமாகவே துளிர்த்தன, ஒன்றோடொன்று கலந்துபோய், எந்தப் பலகை எதற்கு என்று தெரியாமல். அது தனிக் கூத்து.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. பெயர் கேட்டால் கண்ணில் தெரிகிற பெயரைச் சொல்லுங்கள். கேட்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள்.

எம்.எஸ்சி. முதல் செய்முறைத் தேர்வில் வாசுகி மேஜையில் பூவில்லாத ஒற்றை இலையை வைத்து, என்ன புல் என்று கேட்டேன். அவள் இலையின் ஓரத்தை ஒரு தடவை வருடினாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். மெல்லிசாக ஒரு ரத்தக் கோடு.

"தர்ப்பை, மேடம்."

முழு மார்க் போட்டேன்.