அலையைச் சேர்க்காத கோடு

திண்டுக்கல் சந்தையில் இன்று கருவாட்டு வாசம் அடித்ததும் சித்தியின் கடலோர வீடு நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் கிடப்பேன்; பாயில் மணல் நறநறக்கும், உப்புக் காற்றில் தலைமுடி பிசுபிசுக்கும், சுவருக்கு அப்பால் அலை ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கும்.

வளர்ந்தபின், கடல் எதுவரை ஏறும் என்று கணக்கிடும் வேலைக்குப் போனேன். கடல்மட்ட உயர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, புயல் அலையின் உயரத்தைச் சேர்க்காமல், வரைபடத்தில் அபாயக் கோட்டைப் போட்டேன். சித்தி வீடு அதற்கு வெளியே இருந்தது.

“நாங்க இங்கனயே இருக்கலாமாப்பு?” என்று சித்தி போனில் கேட்டார்.

“பயப்படாம இருங்க சித்தி,” என்றேன்.

அடுத்த புயலில் வீடு போனது, சித்தப்பாவும் போனார். இப்போது என்னோடு இருக்கும் சித்தி, துக்கம் கேட்க வருகிறவர்களிடம், “கடலு ஏறுனா யாரு என்ன பண்ணுறது?” என்கிறார். பிழை என் கோட்டில் என்று அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.