நாற்காலி அவருக்கு, அறை எனக்கு

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தலைமை ஆசிரியரை ஜப்பானியர் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதும் பள்ளியை நான்தான் நடத்தினேன். தோட்டத்து அலுவலகத்தைக் கவனித்த கிராணியோ தலைமைப் பதவியைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார்.

"பொம்பள பேச்ச எவன் கேப்பான்? நீ பாடம் நடத்து, அவரு தலைமையா இருக்கட்டும் லா" என்றார் என்னிடம்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி சோதனைக்கு வந்தார். அவர் ஜப்பானிய மொழியில் கேட்ட எதுவும் மச்சானுக்குப் புரியவில்லை. "எல்லாம் இந்தம்மாதான்!" என்று பதறி என்னைக் கைகாட்டினார். அதிகாரி என் கன்னத்தில் அறைந்தார். மறுபடி கை ஓங்கியபோது குனிந்து வணங்கி, பிள்ளைகளுக்குக் கற்பிக்க நான் படித்திருந்த ஜப்பானிய மொழியிலேயே பதில் சொன்னேன். கை இறங்கியது.

அதிகாரி போனதும், "நல்லா சமாளிச்சோம்" என்றார் மச்சான். காறித் துப்பத் தோன்றியது. வேலைக்குக் கிடைத்துவந்த அரிசிப் பங்கு போனால் போகட்டும் என்று மறுநாளே விலகினேன்.

இப்போது எந்தப் பள்ளி கூப்பிட்டாலும், தலைமை யாருக்கு என்று கேட்ட பிறகே வகுப்புக்குள் கால் வைக்கிறேன்.