எடுக்க மறந்த ஆப்பு

எழுபதுகளின் கடைசியில், திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் ஒரு சிறிய படகுப் பட்டறையில் நான் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். பழுதான வள்ளங்களைக் கம்பியால் கரைக்கு இழுக்கும் வின்ச் ஒன்று அங்கே இருந்தது. அதைப் பார்ப்பது என் பொறுப்பு.

வின்சில் கைவைக்க முன் பியூசைக் கழற்ற வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, உள்ளே பற்சக்கரம் உருளாதபடி பல்லுக்கிடையில் ஒரு மர ஆப்பு அடிக்க வேண்டும். புது பிரேக் பட்டை பூட்டியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்போம். ஆப்பை எடுக்காமல் அது சுற்றாது என்பதால் மறதிக்கே இடமில்லை. பல தடவை செய்த வேலைதான்.

அன்று காலை ஆப்பை அடித்துவிட்டுப் பார்த்தால், ஸ்டோரில் தந்த பட்டை ஒரு விரல் அகலம் கூடுதல்! மாதக் கணக்காக எழுதிக் கேட்டு வந்த சாமான். ஸ்டோர்காரரோ தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "வந்ததைத்தான் தந்தனான். எனக்கு வேற ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். தொண்டை வறளக் கத்தினேன். அதே கோபத்தில் திரும்பி வந்து, பழைய பட்டை கிடந்தபடி கிடக்க, மூடியைப் போட்டு, பியூசைச் செருகிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன்.

சோற்றில் கைவைத்திருப்பேன், பட்டறையிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டது. கிண்ணியாவிலிருந்து ஒருவர் அடிப்பலகை பிளந்த வள்ளத்தோடு வந்திருக்கிறாராம். வின்ச் உறுமுகிறதாம், அசையவில்லையாம்.

ஓடிப் போனேன். மோட்டார் புகைந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். பியூசைப் பிடுங்கி மூடியைத் திறந்தால், பல்லுக்கிடையில் நான் அடித்த ஆப்பு. இப்போது யாரைப் பிடித்துக் கத்துவது?

ஆப்பைத் தட்டி எடுத்தேன், ஆனால் மோட்டார் ஏற்கனவே கருகிப்போயிருந்தது. நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கம்பியைக் கையால் இழுத்தோம். வள்ளம் கரைக்கு வந்தது. ஆனால் எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது.

"காலையில வின்சுக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார் அவர்.

"ஒண்டும் செய்யேல்லை. சாமான் சரிவரேல்லை, அப்படியே விட்டுட்டன்."

"ஒண்டும் செய்யாமத்தானோ ஆப்பு உள்ளுக்குப் போனது?"

அந்த மீன்பிடிப் பருவம் முழுக்க அவர் வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டு, என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. முடிந்த வேலையை மூடிவிட்டு வர எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. முடியாமல் போன வேலையிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதை அந்த மனிதரின் எஞ்சினைப் பாழாக்கித்தான் படித்தேன்.