பெப்ரவரியில் காலியாகக் கிடந்த விடுதி

1. நாளை முடியும் ஒப்ஷன்

ஜெர்மன் நகரான எசனில் எங்கள் பயண முகவர் நிலையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கொழும்புக்கோ சென்னைக்கோ டிக்கெட் கேட்பவர்கள். ஆபிரிக்கா எப்போதாவது வரும். அன்றைக்கு அது யோகம் அக்காவின் கைத்தொலைபேசியில் வந்தது. ஒக்டோபர் மாதம், மழைநாள். அக்கா கதவைத் திறந்ததும் குடையை மடக்காமலே படத்தைக் காட்டினார். பெரிய கல் விடுதி, நீல நீச்சல்குளம், பின்னால் புல்வெளி.

"இதைப் பிடிச்சு வையுங்கோ தம்பி. பெப்ரவரிக்கு. தள்ளுபடியும் போட்டிருக்கிறாங்கள்."

பயணம் அவருக்கு அல்ல. பிரிகிட்டா என்ற ஜெர்மன் மருத்துவிச்சிக்கு. எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர் அவர். தாய்மாருக்கு ஜெர்மன் வராத காலத்தில், "முக்கு பிள்ளை, முக்கு" என்று தமிழில் சொல்லப் பழகிக்கொண்டவர். அந்த ஆண்டு முடிவில் ஓய்வு பெறவிருந்தார். தாய்மார் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பரிசு கொடுக்க முடிவு செய்து, பொறுப்பை யோகம் அக்காவிடம் விட்டிருந்தார்கள்.

"அவா என்ன பாக்க விரும்புறா?" என்று கேட்டேன்.

"என்ரை மருமகளின்ரை பிரசவத்திலை விடிய விடியக் காவல் இருந்தவா. அப்ப கதைச்சவவாம். அந்த வில்டபீஸ்ட் எண்ட மாடு குட்டி போடுறதை ரீவியிலை பாத்தவவாம். நேரிலை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு ஆசையாம்."

நான் விடுதியில் ஒப்ஷன் போட்டேன். பணம் கட்டாமல் அறையைப் பிடித்துவைக்கும் வசதிக்கு எங்கள் தொழிலில் அப்படிப் பெயர். மறுநாள் மாலையுடன் அது முடியும்.

2. ஏன் காலி?

அக்கா போன பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. பெப்ரவரி அங்கே நல்ல பருவம். அப்படியிருக்க இவ்வளவு அழகான விடுதி ஏன் காலியாகக் கிடக்கிறது?

வரைபடத்தையும் மழை மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விடுதி செரெங்கெட்டி என்ற ஆபிரிக்கப் புல்வெளியின் வடக்கில், ஆற்றோரம். வில்டபீஸ்ட் கூட்டமோ மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். பெப்ரவரியில் அது தெற்கில் நிற்கும். அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண். அதில் முளைக்கும் குட்டைப் புல் பாலூட்டும் தாய்க்கு நல்லது. புல் குட்டையாக இருப்பதால் சிங்கம் வருவதும் தூரத்திலேயே தெரியும். சில வாரங்களுக்குள் எல்லாத் தாய்களும் ஒன்றாக ஈன்றுவிடும். எத்தனை குட்டிகளைத்தான் சிங்கம் தின்னும்?

தெற்கில் அந்தப் பருவத்துக்கு மட்டும் கூடாரம் போடும் முகாம்கள் இருந்தன. கூட்டம் நகர்ந்தால் அவையும் பிரித்துக் கட்டிக்கொண்டு வடக்கே போகும். மறுநாள் காலை அக்காவை நிலையத்துக்கு அழைத்துச் சொன்னேன்.

"கூடாரமோ? உங்களுக்கு விசரே?" அக்காவின் குரல் உயர்ந்தது. "நாங்கள் இடம்பெயர்ந்து கூடாரத்துக்கை கிடந்த சனம். மழைக்குத் தண்ணி உள்ளுக்கை ஓடும். எங்கடை பிள்ளையளைக் கையிலை ஏந்தின மனிசியை நாங்களே அப்பிடி ஒண்டுக்கை அனுப்புறதோ?"

எந்த வண்ணப் படமும் அதற்கு மறுமொழி ஆகாது. ஆகவே விடுதிக்கே தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, ஆங்கிலத்தில் கேட்டேன்: பெப்ரவரியில் உங்கள் பக்கம் குட்டி ஈனுவதைப் பார்க்கலாமா?

மறுமுனையில் பேசிய பெண் நேர்மையானவர். "இல்லை ஐயா, அவை தெற்கில் நிற்கும். எங்களிடம் யூலைக்குப் பிறகு வாருங்கள். ஆனால் பெப்ரவரியில் பறவைகள் நிறைய. நீச்சல்குளத்துக்கே வரும்."

நான் மொழிபெயர்த்தேன். அக்கா மூச்சு விட்டார்.

"குளத்திலை பறவை பாக்கிறதுக்கு எசனே போதும்." பிறகு மெதுவாக, "அந்தக் கூடாரக்காரரும் மாட்டுக்குப் பின்னாலை போறவையோ?"

"ஓம் அக்கா."

"அப்ப அதுகளும் இடம்பெயருதுகள்."

"ஓம். ஆனா வருசா வருசம் அதே இடத்துக்குத் திரும்பி வருதுகள்."

பிறகு விசாரணை தொடங்கியது.

"கட்டில் இருக்கோ?"

"இருக்கு."

"கக்கூஸ்?"

"உள்ளுக்கையே இருக்கு."

"கதவுக்குப் பூட்டு?"

"ஸிப்தான் அக்கா."

"ஸிப்போ! சிங்கத்துக்கு ஸிப்போ!"

இரவில் காவலுக்கு ஆள் உண்டு, அவரோடுதான் வெளியே நடக்கலாம் என்று விளக்கினேன். கடைசியாகக் கேட்டார்: "அவ்வளவு தூரம் போயும் காணாமல் வந்தா?"

"உறுதி தர ஏலாது. மாதத்தையும் இடத்தையும்தான் நாங்கள் பிடிக்கலாம். மிச்சம் அந்த மாட்டின்ரை விருப்பம்."

ஒப்ஷன் முடிய முன்னர் விடுதியை விட்டோம். கூடாரத்தைப் பிடித்தோம்.

3. மார்ச் தொடக்கம்

பிரிகிட்டா திரும்பி வந்ததும் நேரே எங்கள் நிலையத்துக்கு வந்தார். யோகம் அக்கா அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பரீட்சை முடிவு பார்க்கும் கலக்கம்.

முதல் நாட்களில் பிறந்து முடிந்த குட்டிகளையே கண்டாராம், உடம்பு இன்னும் ஈரமாக. வண்டி போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு முறையும் காரியம் முடிந்திருக்கும். புறப்படுவதற்கு முதல் நாள் காலை ஒரு தாய் கூட்டத்தை விட்டு விலகிப் படுத்தது. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார்.

"வாழ்க்கையில் முதல் தடவை ஒரு பிரசவத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்," என்றார் பிரிகிட்டா. "இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இல்லாவிட்டால் இறங்கி ஓடியிருப்பேன்."

நான் மொழிபெயர்க்க முன்னரே அக்காவுக்கு விளங்கிவிட்டது. "குட்டி?"

"சில நிமிடங்களிலேயே எழும்பி நின்றுவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு வருடம் வேண்டும்."

அக்கா அவரைக் கட்டிப்பிடித்தார். ஸிப்பைப் பற்றிக் கேட்க மறந்தே போனார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முகாம் தேடி வருகிறவரிடம் முதலில் எதைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள். அடுத்து மாதம், அதற்கடுத்து இடம். கட்டிலும் குளமும் கடைசி. நல்ல பருவத்தில் நல்ல விடுதி காலியாக இருந்தால், ஏன் என்று அந்த விடுதியையே கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

பிரிகிட்டா போகும்போது ஒன்று சொன்னார். அந்தத் தாய் சிரமப்பட்டபோது அவர் வாய் தன்னை அறியாமல் "முக்கு பிள்ளை, முக்கு" என்று முணுமுணுத்ததாம். சாரதி திரும்பிப் பார்த்து, அது என்ன மொழி என்று கேட்டாராம்.

"எங்கள் எசன் பக்கம் இப்படித்தான் சொல்வோம் என்றேன்."